கோல் வாசலில் இல்திகோ

சின்னக் குழந்தைகள் பிடித்துக்கொண்டு சறுக்கப் பழகுவதற்காக அரங்கத்தில் வாங்கி வைத்திருந்த பிளாஸ்டிக் பெங்குவின் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நாற்பத்தேழு வயதில், இல்திகோ பனித்தளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெங்குவின் அவள் இடுப்புயரம்கூட இல்லை. அதன் தலையின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த பிடிகளைப் பற்றுவதற்கே அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தால் பின்புறம் தூக்கிக்கொண்டது. நிமிர்ந்தால் கால்கள் இரண்டும் தனித்தனியாக ஊர் பார்க்கக் கிளம்பின. முதல் நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்தப் பழைய அரங்கத்துக்குக் கூரை உண்டு, பக்கச்சுவர் பாதிதான். ஈரக்காற்று உள்ளே வந்து பனியின் மேல் படிந்து, மார்பளவுக்கு வெள்ளை மூட்டமாகத் திரண்டிருந்தது. எதிர்ப்பக்கம் தெரியவில்லை. கோல் கம்பங்கள் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் படுக்கையை விட்டு எழுந்து வந்திருந்த பெண்களின் தலைகள் மட்டும் அந்த வெள்ளைக்கு மேலே சத்தமில்லாமல் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

பயிற்சி கொடுக்க வந்திருந்த தொரோத்தாவுக்கு இருபத்தாறு வயது. வாரநாளில் மின்சார வேலை செய்பவள்; பெண்கள் பனி ஹாக்கி லீகில் பத்து வருடம் ஆடியவள். மூட்டம் கலைகிற வரைக்கும் எல்லோரும் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள். உடம்புகள் போய்ப் போய் வந்தால் காற்று புரண்டு மூட்டம் தானாக உடைந்துவிடும், அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. இல்திகோவுக்கும் தெரியும். இருபது வருடம் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து, அப்போதைய கணவன் ரஸ்தோவும் அவன் கூட்டாளிகளும் அப்படிச் சுற்றுவதை மடியில் டீ பிளாஸ்க்கோடு பார்த்திருக்கிறாள். இன்று பெங்குவினைத் தள்ளிக்கொண்டு அவளும் தன்னால் ஆன மூட்டத்தை உடைத்தாள். நான்கு அடி போவதற்குள் முதுகு வியர்த்தது. அப்போதுதான் வெள்ளைக்குள்ளிருந்து ஒரு தலை நேராக அவளை நோக்கி வந்து, ஒரு கணுக்கால் திருப்பலில் நின்றது. ஸ்லாவ்கா.

ரஸ்தோவின் இப்போதைய மனைவி. பிறந்ததிலிருந்து இந்த ஊர்தான். சறுக்குவது அவளுக்கு நடப்பதைவிடச் சுலபம். ஆனால் கையில் மட்டை பிடித்ததில்லை. அவள் வளர்ந்த காலத்தில் பெண் பிள்ளைகளுக்கு வெள்ளை ஸ்கேட்டும் பாவாடையும்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சின்ன ஊர். ரொட்டிக் கடையில், பள்ளிக்கூட வாசலில், கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி வாங்குகிற வரிசையில் எத்தனையோ முறை தலையசைத்துவிட்டு விலகியிருக்கிறார்கள். இங்கே விலக வழியில்லை.

“நான் போயிடறேன். எனக்குத் தெரியாது, நீங்க வருவீங்கன்னு” என்றாள் ஸ்லாவ்கா.

“போறதா இருந்தா நான்தான் போகணும்” என்றாள் இல்திகோ. பெங்குவினின் தலைமேல் இரண்டு கையையும் இறுக்கிக்கொண்டு, “ஆனா எனக்குத் திரும்பத் தெரியலை” என்றாள்.

ஸ்லாவ்காவின் வாய் கோணியது. சிரிப்பதா கூடாதா என்று அவளுக்கே தெரியாத கோணல். பிறகு பெங்குவினின் மூக்கைப் பிடித்து, அதையும் அதைப் பிடித்திருந்தவளையும் சேர்த்து மெல்லத் திருப்பி, வந்த வழியே முகம் பார்க்க வைத்துவிட்டு, மூட்டத்துக்குள் போனாள்.

இல்திகோ தெற்கே, தன்யூப் ஆற்றங்கரைச் சமவெளியில், ஹங்கேரிய மொழி பேசும் வீட்டில் பிறந்தவள். அங்கே குளிர்காலம் என்றால் சேறுதான். இருபத்திரண்டாவது வயதில் ரஸ்தோவைக் கட்டிக்கொண்டு வடக்கே மலைகளுக்கு நடுவிலிருந்த இந்த ஊருக்கு வந்தபோது, டிசம்பர் மாதத்தில் பாதிரியார்கூட ஸ்கேட் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து அவள் அசந்து போனாள். நிறைமாதப் பெண்கள் சறுக்கினார்கள். நடக்கத் தொடங்காத பிள்ளைகளை இடுப்பில் துண்டு கட்டி இழுத்துப் போனார்கள். அவளையும் ஒருமுறை ரஸ்தோ கூட்டிப் போனான். அவள் விழுந்தாள். அவன் கூட்டாளிகள் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அவன் சிரிக்கவுமில்லை, தூக்கிவிடவுமில்லை. வேறு யாருடைய மனைவியோ விழுந்த மாதிரி சற்றுத் தள்ளிப் போய் நின்றுகொண்டான். அதற்கப்புறம் அவள் பனியில் இறங்கவில்லை. அவள் வேலை பல் செய்வது. பல் மருத்துவர் அச்செடுத்து அனுப்புவார். இவள் மெழுகில் செதுக்கி, பீங்கானில் வார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்குச் சாயம் பூசிச் சுட்டு எடுப்பாள். ஊரில் ஹாக்கி ஆடிய ஆண்களில் பாதிப் பேருடைய முன்பற்கள் இவள் மேசையில் பிறந்தவை. அரங்கத்தில் கோல் விழுந்து எல்லோரும் வாயைத் திறந்து கத்தும்போது அவள் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ரஸ்தோ அவளை விட்டுப் போய், இல்லை, அவள் அந்த வீட்டை விட்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டின் நான்காவது தளத்தில் இருந்தாள். பதினாறு வயது மகள் லியா ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. தெற்கே திரும்பிப் போய்விடலாமே என்று தங்கை போனில் கேட்டபடியே இருந்தாள். போவதற்கும் காரணம் இருந்தது, இருப்பதற்கும் காரணம் இருந்தது. ஒருநாள் லியா தன் அறையில் தோழியிடம் பேசிக்கொண்டிருந்தது கதவு வழியாகக் காதில் விழுந்தது. “அம்மாகிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்லடி. அவங்களுக்கு இதெல்லாம் புரியாது. அவங்க இந்த ஊரு இல்லையே.” குரலில் வெறுப்பு ஏதுமில்லை. நாளைக்குக் காற்று அடிக்கும் என்பது போலச் சொன்னாள். அந்த வாரம்தான் ரொட்டிக் கடைக் கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை இல்திகோ நின்று படித்தாள். முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஹாக்கி. அதன் கீழே, ஒன்றுமே தெரியாதவர்களும் வரலாம் என்று இருந்தது. இரண்டாவது வரியைத் தனக்காகவே யாரோ எழுதிய மாதிரி இருந்தது அவளுக்கு.

தொரோத்தா முதல் நாளே ஒரு விதி வைத்தாள். பனியில் ஏறிவிட்டால் ‘நீங்க’ கிடையாது, எல்லோரும் ‘நீ’தான். ‘இந்தப் பக்கம் கொஞ்சம் அனுப்புங்க’ என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி கோல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் சூப் குடித்துக்கொண்டிருப்பாள் என்றாள். அதனால் கறிக்கடை பொஷெனா வங்கி மேலாளரை ‘ஏய் குதிரைவால்’ என்று கூப்பிட்டாள். இல்திகோ எல்லோருக்கும் ‘தெற்கத்தி’ ஆனாள். ஸ்லாவ்கா மட்டும் அவளை எப்படியும் கூப்பிடவில்லை. நேரே பேச வேண்டி வந்தால் மட்டையால் பனியில் தட்டுவாள். இல்திகோ திரும்பிப் பார்ப்பாள்.

பெங்குவினை விட்டுப் பிரிவதற்கு இல்திகோவுக்கு அக்டோபர் முழுதும் தேவைப்பட்டது. முன்னால் போக வந்தது. நிற்க வரவில்லை. சுற்றுச்சுவரில் மோதித்தான் நின்றாள். ஆனால் விழுவதில் அவளுக்கு ஏதோ ஒரு வசதி இருந்தது. சின்ன வயதிலிருந்து சறுக்கிய மற்ற பெண்களுக்கு விழுவது அவமானம். கடைசி நொடி வரை காற்றைப் பிடித்துத் தொங்குவார்கள். இல்திகோ அப்படியே போய் விழுந்தாள், விழுந்த இடத்தில் ஒரு நிமிடம் கிடந்தாள். பனியில் கன்னத்தை வைத்துக் கிடக்கும்போது எல்லாம் தூரத்துக்குப் போய்விடும். ஸ்கேட் கத்திகள் கீறுகிற சத்தம் தலைக்குள்ளிருந்தே கேட்பது போலிருக்கும். பனிக்கு அடியில் வரைந்த நீலக் கோடு கண்ணுக்கு வெகு அருகில், ஆறு மாதிரி அகலமாகத் தெரியும். அவளுக்கு எழுந்திருக்கவே மனம் வராது.

ஒரு ஞாயிறன்று தொரோத்தா அவள் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, “நீ கோல்ல நில்லு” என்றாள்.

இல்திகோ அதைக் கேலி என்று நினைத்தாள். தொரோத்தா கேலி செய்யவில்லை.

“மத்தவங்க எல்லாம் விழாம இருக்கறது எப்படின்னு பார்க்கறாங்க. நீ விழுந்துட்டு அப்புறம் யோசிக்கறே. கோல்கீப்பருக்கு அதுதான் வேணும். நிக்கத் தெரியலைன்னா பரவாயில்லை, கம்பத்தைப் பிடிச்சுக்கோ.”

ஆண்கள் அணியின் பழைய கவசங்களைக் கொண்டுவந்தார்கள். கால்களில் கதவு மாதிரி இரண்டு திண்டு, மார்புக்கு மெத்தை, ஒரு கைக்குப் பலகை போல உறை, இன்னொன்றுக்கு அள்ளிப் பிடிக்கிற வாய் அகன்ற உறை, முகத்துக்குக் கம்பிக்கூண்டு. அதெல்லாம் மாட்டி முடித்ததும் பொஷெனா சுற்றிவந்து பார்த்து, கடையில் தொங்குகிற மாட்டுத் தொடைகூட இவ்வளவு கட்டு வாங்கியதில்லை என்றாள். உள்ளே வேறு யாரோ ஒரு ஆளின் பழைய வியர்வை வாசம் அடித்தது. இருபது வருடம் ரஸ்தோவின் உடுப்புகளைத் துவைத்து பால்கனியில் காயப்போட்டவளுக்கு அது புதிய வாசமில்லை. ஆனால் அன்றைக்குத்தான் அந்த வாசத்துக்குள் தான் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

மற்றவர்கள் வரிசையாக நின்று, ஒருவர் பின் ஒருவராக வட்டை அவள்மீது அடிக்க வேண்டும். உள்ளங்கை அகலக் கறுப்பு ரப்பர் வட்டு. பொஷெனா கறி வெட்டுகிற வேகத்தில் அடித்தாள். குதிரைவால் குறி தவறி விளம்பரப் பலகையை அடித்தாள். ஸ்லாவ்காவின் முறை வந்தது. அவள் அழகாக வந்து, மட்டையை மெல்ல வருடிவிட்டு, வட்டைத் தரையோடு உருட்டிவிட்டாள். அது தூங்கி வழிந்துகொண்டு வந்து இல்திகோவின் காலடியில் நின்றது. அடுத்த சுற்றிலும் அதே. மூன்றாவது சுற்றிலும் அதே. வரிசையில் நின்ற பெண்கள் வேறு எங்கோ பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யார் யாருக்கு என்ன உறவென்று. இல்திகோ மூன்றாவது வட்டைக் குனிந்து எடுத்தாள். திருப்பி ஸ்லாவ்காவின் காலடிக்கே தள்ளினாள்.

“நோகாம அடிக்கணும்னு உனக்கு இப்பத்தான் தோணுச்சா?”

ஸ்லாவ்காவின் முகம் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்தது. அவள் திரும்பி வெகுதூரம், நடுக்கோடு வரை போனாள். அங்கிருந்து வந்தாள். இல்திகோ மட்டை தூக்கப்படுவதைப் பார்த்தாள், வட்டைப் பார்க்கவில்லை. மார்பெலும்பின் கீழே யாரோ சுத்தியலால் தட்டிய மாதிரி இருந்தது. கோல் கோட்டுக்கு முன்னாலேயே மல்லாந்து விழுந்தாள். விழுந்து கிடந்தபடியே தேடியபோது வட்டு அவள் அக்குளுக்குள், உறைக்கும் மெத்தைக்கும் நடுவில், சிக்கியிருந்தது. உள்ளே போகவில்லை.

மேலே ஸ்லாவ்காவின் முகம் வந்தது. பயந்து வெளுத்திருந்தது. “வலிக்குதா உனக்கு?” என்றாள். ‘நீ’ என்று சொன்னதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் மேசையில் உட்கார்ந்து யாருடைய கடைவாய்ப் பல்லுக்கோ பள்ளம் செதுக்கிக்கொண்டிருந்தபோது மார்பில் அந்த இடம் கன்றிப்போய் வலித்தது. இடையிடையே அவள் செதுக்கும் கருவியைக் கீழே வைத்துவிட்டு அதை விரலால் அழுத்திப் பார்த்தாள். வலித்தது. சந்தோஷமாக இருந்தது. இன்னொரு முறை அழுத்தினாள்.

கோலில் நிற்பது அவளுக்கு வேறு ஒரு காலத்தில் இருப்பது போலிருந்தது. ஆட்டம் எதிர்ப்பக்கம் போய்விட்டால் இங்கே யாருமில்லை. வலை, இரண்டு கம்பம், அவள். தூரத்தில் சின்ன மனிதர்கள் ஓசையில்லாமல் சண்டையிடுவார்கள். கூரையின் ஓட்டை வழியாக வெயில் ஒரு கம்பு மாதிரி இறங்கிப் பனியில் ஊன்றி நிற்கும். அதில் தூசு ஏறி இறங்கும். அவள் மூச்சு கூண்டின் கம்பிகளில் பட்டுத் திரும்ப முகத்துக்கே வரும். அப்படி நிற்கும்போது அவளுக்கு எதுவும் நினைவுக்கு வராது, எல்லாமே நினைவுக்கு வந்துவிட்டுப் போனதும் இருக்கிற மாதிரி ஒரு வெறுமை. யாரும் ஒன்றும் கேட்காத இடம். திடீரென்று அந்தச் சின்ன மனிதர்கள் பெரிதாகிக்கொண்டே வருவார்கள். அவள் முழங்காலை மடக்குவாள்.

கவசத்தைக் கழற்ற அவளால் தனியாக முடியாது. கால் திண்டுகளின் வார்கள் முழங்காலுக்குப் பின்னால், குனிந்தாலும் எட்டாத இடத்தில் இருந்தன. வழக்கமாகப் பொஷெனா அவிழ்த்துவிடுவாள். டிசம்பரில் ஒரு ஞாயிறு பொஷெனாவுக்குக் கடையில் கிறிஸ்துமஸ் வேலை, சீக்கிரம் போய்விட்டாள். மற்றவர்களும் போனார்கள். உடுப்பு மாற்றும் அறையில் பெஞ்சின் மேல் இல்திகோ ஆமை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஸ்லாவ்கா தன் பையை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். பிறகு வந்து ரப்பர் தரையில் மண்டியிட்டு, முதல் வாரை அவிழ்த்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“அவர் பேசாம இருப்பாரே. உன்கிட்டயும் அப்படித்தானா?”

இல்திகோ தன் கை உறையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். ரஸ்தோ அடித்ததில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை. ஊரில் யாரைக் கேட்டாலும் நல்லவன் என்பார்கள், அதுவும் பொய்யில்லை. ஏதோ ஒன்று பிடிக்காமல் போனால் பேச்சை நிறுத்திவிடுவான். எது பிடிக்கவில்லை என்பதை அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். சூப்பில் உப்பா, தங்கையோடு ஹங்கேரிய மொழியில் வெகுநேரம் பேசியதா, சிரித்ததா. அவன் வீட்டுக்குள் நடப்பான், சாப்பிடுவான், விளக்கை அணைப்பான். அவள் அங்கே இல்லாதது போல. சில சமயம் சமையலறைக் கண்ணாடியில் தன் முகம் தெரிகிறதா என்றுகூடப் பார்த்திருக்கிறாள். பிறகு ஒருநாள், காரணமில்லாமல் நின்ற மழை காரணமில்லாமல் வருகிற மாதிரி, உப்பை எடு என்பான். அவளுக்கு அழுகை வரும் அளவுக்கு நன்றியாக இருக்கும்.

“போன மாசம் பூரா” என்றாள் ஸ்லாவ்கா. “நான் என்ன பண்ணேன்னு இன்னும் தெரியலை.”

“நீ ஒண்ணும் பண்ணலை. அது எனக்குத் தெரியறதுக்கு இருபது வருஷம் ஆச்சு.”

ஸ்லாவ்காவின் கை வாரில் நின்றது. அடுத்த அறையில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள். பிறகு அவள் மிச்ச வார்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். திண்டுகளைச் சுவரில் சாய்த்து வைத்தாள். போகும்போது கதவருகே நின்று, வார்கள் ஈரத்தில் ஊறி இறுகிவிடுகின்றன, கொஞ்சம் மெழுகு தடவ வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மெழுகு என்னிடம் நிறைய இருக்கிறது என்றாள் இல்திகோ.

ஜனவரியில் ஸ்லாவ்கா வரவில்லை. முதல் ஞாயிறு சளி என்றார்கள். அடுத்த ஞாயிறு ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் லியா தன் அம்மாவிடம் இருந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது முட்டைக்கோஸைக் கிளறிக்கொண்டே, அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை, இரண்டு பேரும் ஒரே அணியில் ஆடுவதை ஊரே வேடிக்கை பார்க்கிறதாம் என்றாள்.

“அப்பா சொன்னாரா?”

“அப்பா எங்க சொல்றாரு.” லியா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “ஸ்லாவ்காவோட மட்டையை எடுத்து நிலவறையில வச்சுட்டாரு. அவ்வளவுதான். யாரும் ஒண்ணும் பேசலை. அந்த வீட்ல நான் டிவியைச் சத்தமா வச்சுக்கறேன்.”

இல்திகோ மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஏதோ ஒன்றை அந்தப் பழைய சமையலறைக் கண்ணாடியில் பார்த்த ஞாபகம் அவளுக்கு வந்தது. அன்றிரவு அதிகம் தூங்கவில்லை.

பிப்ரவரி முதல் ஞாயிறு பக்கத்துப் பள்ளத்தாக்குப் பெண்களோடு ஆட்டம். அவர்கள் ஊரில் அரங்கம் கிடையாது. அணைக்குப் பின்னாலிருக்கும் நீர்த்தேக்கம் உறைந்துவிட்டது, அங்கே ஆடலாம் என்று அழைத்திருந்தார்கள். இல்திகோ காலையில் காரில் கவசங்களை ஏற்றினாள். ஆற்றைத் தாண்டினாள். நெடுஞ்சாலைக்கு இடதுபுறம் திரும்ப வேண்டிய இடத்தில் வலதுபுறம் திரும்பி, தேவாலயத்தைக் கடந்து, மூன்று வருடமாகப் போகாத தெருவில் கொண்டுபோய் நிறுத்தினாள். வீட்டுக்குப் பச்சை வண்ணம் அடித்திருந்தார்கள். வாசலில் பனி ஒழுங்காக, அளவெடுத்த மாதிரி வாரி ஒதுக்கப்பட்டிருந்தது. அது ரஸ்தோவின் கை. அவள் இருபது வருடம் சாவி போட்டுத் திறந்த கதவின் மணியை முதன்முறையாக அழுத்தினாள். உள்ளே அந்த மணி எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும். வெளியிலிருந்து இவ்வளவு மெல்லியதாகக் கேட்கும் என்று தெரிந்திருக்கவில்லை.

ரஸ்தோ கதவைத் திறந்தான். கம்பளிக் காலணி, கையில் காப்பிக் கோப்பை. அவளைப் பார்த்தான். ஏதும் சொல்லவில்லை. அந்தப் பேசாமை அவளுக்குப் பழகிய ஒரு மேலங்கி மாதிரி தோளில் வந்து விழப் பார்த்தது. முன்பெல்லாம் அதை நிரப்ப அவள் எதையாவது பேசிக்கொண்டே போவாள். மன்னிப்பு, விளக்கம், வானிலை. இன்று நின்றாள். காலை மிதியடிக்கு வெளியே வைத்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, கை இரண்டையும் சற்று அகட்டி. அப்படி நிற்கிறோம் என்பது அவளுக்கே சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

“ஸ்லாவ்காவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்” என்றாள். “பதினோரு மணிக்கு ஆட்டம்.”

அவன் காப்பியைப் பார்த்தான். கதவை மூடவும் இல்லை, வழிவிடவும் இல்லை. அவன் முகத்தில் கோபம் இல்லை என்பதை அவள் கண்டாள். நாள்பட்ட பல்வலிக்காரனிடம் இருக்கிற ஒரு களைப்புதான் இருந்தது. எப்போதுமே அதுதான் இருந்ததோ என்னவோ. ஒருகணம் அவன்மேல் இரக்கம் வந்தது. அதுவும் அவளை அங்கிருந்து நகர்த்தவில்லை. அவனுக்குப் பின்னால் நிலவறைப் படிகளில் யாரோ இறங்கினார்கள். ஏறினார்கள். மாடிப்படி கிறீச்சிட்டது, நான்காவது படி, இன்னும் சரி செய்யவில்லை. ஸ்லாவ்கா வந்தாள். தோளில் ஹாக்கிப் பை, ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் சின்னப் பயணப்பெட்டி. ரஸ்தோவுக்கும் கதவுநிலைக்கும் நடுவிலிருந்த இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி வெளியே வந்தாள். லியா மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, “நானும் வரேன், இருங்க” என்றாள். அது அவள் அப்பா வீட்டு வாரம்.

காரின் பின்புறத்தில் பெட்டியை வைக்கும்போது இல்திகோ அதைப் பார்த்தாள். ஹாக்கிக்குப் பெட்டி வேண்டாம். கவசங்களைத் தள்ளி இடம் பண்ணிக் கொடுத்தாள். வழியெல்லாம் லியாதான் பேசிக்கொண்டு வந்தாள்.

நீர்த்தேக்கம் இரண்டு மலைகளுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகக் கிடந்தது. ஓரத்தில் பனியை வாரி ஒரு தளம் ஒதுக்கியிருந்தார்கள். கோடுகளைச் சிவப்பு ராஸ்ப்பெரி சர்பத் ஊற்றி வரைந்திருந்தார்கள். இல்திகோ நிற்க வேண்டிய இடத்தைக் காட்டிய எதிரணிப் பெண், உனக்கு நேர் கீழே எங்கள் அத்தை வீடு என்றாள். அணை கட்டுவதற்கு முன்னால் அங்கே மூன்று கிராமங்கள் இருந்தன, தண்ணீர் வருவதற்குமுன் எல்லோரும் மேலே குடிவந்துவிட்டார்கள். அத்தை பொல்லாதவள், அவள் கூரைமேல் யாரும் ஏற விடமாட்டாள், ஜாக்கிரதை என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனாள். இல்திகோ குனிந்து பார்த்தாள். அரங்கத்துப் பனி வெள்ளை. இது கறுப்பு, கண்ணாடி மாதிரி. உள்ளே வெள்ளைக் குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஏறி வருகையில் அப்படியே நின்றுபோயிருந்தன. அவற்றுக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

அவர்கள் நன்றாக ஆடவில்லை. யாருமே நன்றாக ஆடவில்லை. வட்டு பனிமேட்டுக்குள் போய்ப் புதைந்துகொண்டே இருந்தது. இரண்டு அணியும் சேர்ந்து மட்டையால் கிளறித் தேடினார்கள். நடுவராக நின்ற தபால்காரர் விசில் ஊதுவதற்குமுன் ஒவ்வொரு தடவையும் உதட்டைத் துடைத்துக்கொண்டார். ஸ்லாவ்கா ஒரு கோல் போட்டாள். போட்டதும் கையைத் தூக்காமல், தொலைந்த பொருள் கிடைத்த மாதிரி வலைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரணி இரண்டு போட்டது. பொஷெனா ஒன்று போட்டுச் சமன் செய்தாள். கரையில் லியா ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றாள். மேலே சாலையில் ரஸ்தோவின் சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. யாரும் இறங்கவில்லை. புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தது. ஸ்லாவ்கா ஒருமுறை அங்கே பார்த்தாள். இல்திகோ பார்ப்பதை நிறுத்திக்கொண்டாள்.

முடிகிற நேரத்தில் அந்தச் சின்ன மனிதர்கள் பெரிதாகிக்கொண்டே வந்தார்கள். மூன்று பேர் ஒன்றாக. இல்திகோ கம்பத்தை விட்டு முன்னால் வந்தாள், முழங்காலை மடக்கினாள், யாரோ அடித்தார்கள். ஏதோ அவள் தொடையில் பட்டது. அவள் விழுந்தாள். அவள்மேல் ஒருத்தி விழுந்தாள். பின்னாலிருந்து துரத்தி வந்த ஸ்லாவ்கா மட்டையை நீட்டிக்கொண்டு பாய்ந்து வயிற்றால் சறுக்கி, இல்திகோவின் முகத்துக்கு நேரே வந்து கிடந்தாள். விசில். மேலே கிடந்தவள் எழுந்து போனாள். வட்டு இல்திகோவின் வயிற்றுக்கு அடியில் எங்கோ கட்டியாக இருந்தது. கோல் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. சிவப்புக் கோடு அவள் விலாவுக்குக் கீழே நுழைந்து மறைந்திருந்தது.

எதிரணி கோல் என்றது. பொஷெனா கோல் இல்லை என்றாள். தபால்காரர் முட்டிமேல் கையூன்றிக் குனிந்து, கொஞ்சம் எழுந்திருந்தால் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றார்.

அப்போது, உறைந்த நீர்த்தேக்கம் குளிரில் இறுகும்போது எழுப்புகிற சத்தம் வந்தது. அணைப் பக்கத்திலிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரு பெரிய கம்பியை யாரோ மீட்டிவிட்ட மாதிரி ஆரம்பித்து, பனிக்குள்ளேயே ஓடிவந்தது. இல்திகோவின் வயிறு, மார்பு, தாடை, பற்கள் வழியாகப் போனது. எதிர்க்கரை வரைக்கும் போய், மெலிந்து, அடங்கியது. ஸ்லாவ்காவின் கன்னம் பனியில் அழுந்தியிருந்தது. அவள் மூச்சு பட்டு அங்கே ஒரு சின்ன இடம் தெளிந்திருந்தது.

“கேட்டுதா?” என்றாள்.

“இன்னொண்ணு வருது. இரு” என்றாள் இல்திகோ.

கரையிலிருந்து லியா சாதாரணக் காலணியோடு பனியில் இறங்கி, கைகளை விரித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தவள், பாதி வழியில் அப்படியே நின்றாள். பொஷெனா வாயை மூடினாள். தபால்காரரின் உதட்டில் விசில் இருந்தது. இரண்டு ஊர்ப் பெண்களும் மட்டைகளை ஊன்றி, தலையைச் சற்றுக் கவிழ்த்து, தங்கள் கால்களுக்குக் கீழே கேட்டுக்கொண்டு நின்றார்கள்.